ஓணானைச் சைவமாக்கிய மகனுக்கு

தம்பி,

சாருமதி ஏன் போனை எடுக்கிறாள் இல்லை என்று நேற்றும் கேட்டாய், முந்தநாளும் கேட்டாய். "அவளின்ட போன் பழுதாப் போச்சோ அம்மா?" என்று ஒரு சந்தேகம் வேறு. போன் பழுதாகவில்லை. பழுதானது என்ன என்று நான் சொல்ல வெளிக்கிட்ட ஒவ்வொரு முறையும் நீ "மீட்டிங் இருக்கம்மா, பேந்து எடுக்கிறன்" என்று வெட்டிவிட்டாய். கடிதத்தை அப்படி வெட்ட முடியாது. கிழிக்கலாம், ஆனால் கிழிப்பதற்கு முன் எப்படியும் வாசிப்பாய், உன் குணம் எனக்குத் தெரியும். கூரியரில் போடச் சொல்லி அப்பாவிடம் கொடுக்கப்போகிறேன். அவர் காரின் பின்சீட்டில் வைத்து மறக்காமல் இருக்கவேண்டும் என்று இப்போதே பிள்ளையாருக்கு நேர்ந்தாயிற்று. கலியாணத்துக்கு மண்டபம் பேசிவிட்டோம், கூறை எடுத்துவிட்டோம், ஐயரிடம் நாள் வாங்கிவிட்டோம். பெண் மட்டும் மாப்பிள்ளையோடு கதைக்கிறாள் இல்லை. இதற்கெல்லாம் காரணம் ஓர் ஓணான்.

ஓணான் என்று எழுதினால் உனக்குக் கோபம் வரும். "பேர்டட் டிராகன் அம்மா" என்று திருத்துவாய். பெயரில் டிராகன் இருந்தால் என்ன, வேலியில் விட்டால் ஓணான்தான். அதற்கு நீ வைத்த பெயர் முசியே. பிரெஞ்சில் 'ஐயா'. இந்த வீட்டில் ஐயா என்று மரியாதையாக அழைக்கப்படும் ஒரே ஆள் அவர்தான். உன் அப்பாவை அப்படி யாரும் அழைத்ததில்லை. முசியேவுக்குக் கண்ணாடிப் பெட்டி, தலைக்கு மேல் வெயிலுக்கு ஒரு விளக்கு, சாய்ந்து படுக்க ஒரு மரக்கட்டை. நாங்கள் ஜனவரியில் ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிய, அவர் மட்டும் கண்ணை மூடி வெயில் காய்வார். நீ வீட்டில் இருந்தவரை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவருக்கு ஏதோ பூச்சி கொடுத்தாய். நானும் மூக்கை நுழைக்கவில்லை. கல்கரியில் வேலை கிடைத்துப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் வரிசையில் நின்றபடி, "கலியாணம் முடிஞ்ச கையோட நானும் சாருவும் அவரைக் கூட்டிக்கொண்டு போயிடுவம். அதுவரைக்கும் ஒவ்வொரு நாளும் உயிரோட பூச்சி குடுக்கவேணும், மறந்திடாதேங்கோ" என்றாய். மற்றப் பிள்ளைகள் அந்த இடத்தில் அம்மாவைக் கட்டிப்பிடிப்பார்கள்.

சரி, இந்தச் சைவக் கதை எங்கே தொடங்கியது என்று ஞாபகப்படுத்துகிறேன், ஏனென்றால் உனக்கு வசதியாக மறந்திருக்கும். உன் வருங்கால மாமியார் எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த நாள். மனிசி தங்கமான மனிசிதான், ஆனால் தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைக்க முன் மூக்கில் வைத்தது எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பார். பிறகு மெல்லமாக, "நீங்கள் வீட்டில மச்சம் புழங்குறனீங்களோ?" என்று கேட்டார். மீன், நண்டு, இறால் எல்லாம் புழங்கும் வீடு. குளிர்பெட்டியைத் திறந்தால் கொழும்புத் துறைமுகம் மாதிரி இருக்கும். வெள்ளிக்கிழமையில் இல்லை என்று நான் இழுத்துக்கொண்டிருக்க, நீ முந்திரிக்கொட்டை மாதிரி முன்னுக்கு வந்தாய். "நான் விட்டிட்டன் அன்ரி. எங்கட முசியேகூடச் சைவம்தான். கீரை மட்டும்தான் சாப்பிடுவார்." அந்த அம்மாவின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே. ஓணானே சைவம் என்றால் மாப்பிள்ளை எப்படி இருப்பான் என்று கணக்குப் போட்டிருப்பார். நானும் சிரித்துக்கொண்டு இரண்டாவது தேத்தண்ணி ஊற்றினேன். இதில் என் பங்கும் இருக்கிறது, மறுக்கவில்லை: வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் பூச்சி கொல்லக்கூடாது, அன்றைக்கு அவருக்கும் கீரை என்று சட்டம் போட்டவள் நான். நான் பிடித்த வெள்ளிக்கிழமையை நீ ஏழு நாளாக்கினாய்.

மாமியாரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பக்கத்தில் இருந்த சாருமதியின் கண்ணை நீ பார்த்தாயோ தெரியாது, நான் பார்த்தேன். நாயும் பூனையும் மச்சம் தின்னும் என்பதால் அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயசில் இருந்து ஒரு பிராணியையும் வளர்க்க விடவில்லையாம். "என்ர வீட்டிலயும் ஒண்டு இருக்கப்போகுது மாமி" என்று அன்றைக்கே முசியேயின் பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறு தவறாமல் இல்-பிசாரில் இருந்து காரை எடுத்துக்கொண்டு வருவாள். கையில் கொத்தமல்லி, ஏதோ மஞ்சள் பூப் பூக்கும் புல்லின் இலை, நறுக்கின பூசணி. முசியேயும் கள்ளன், அவள் முன்னால் இரண்டு இலையைக் கடித்துக் காட்டுவார். நீ சொன்னது ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நாள்தோறும் தீனி போட்டது நான்.

தீனிக் கதைக்கு வருவோம். முதலில் கடையில் வாங்கினோம். புவாண்ட்-கிளேரில் அப்பா வேலை செய்யும் கிடங்குக்குக் கிட்ட ஒரு பிராணிக் கடை. வேலை முடிந்து வரும்போது ஒரு பெட்டி சில்வண்டு வாங்கிக் காரில் வைத்தார், நல்ல மனுசன். வழியில் தெப்பனர் கடையில் பால் வாங்க இறங்கியவர், அங்கே நின்ற சிநேகிதனோடு இலங்கை அரசியலைத் தீர்த்துவைத்துவிட்டுத் திரும்பி வர, சில்வண்டு எல்லாம் குளிரில் உறைந்து கற்கண்டு மாதிரி. இரண்டாம் முறையும் அப்படியே. உனக்குப் போன் எடுத்தேன். "அப்ப வீட்டிலயே வளருங்கோ அம்மா. அது சரியான லேசு" என்றாய். உன் வாயில் 'லேசு' என்ற சொல் வந்தாலே எனக்கு இப்போது காய்ச்சல் வருகிறது.

நீ சொன்னபடி முட்டை அட்டைகளை அடுக்கினேன், முட்டை இட ஈரமண் தட்டு வைத்தேன், பெட்டியை நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பெருகின, ஐயா, பெருகின. மண்ணுக்குள் இருந்து மிளகுத்தூள் எழும்பி ஓடுவது மாதிரி குஞ்சுகள். நாற்றமோ சொல்லி மாளாது. சாம்பிராணி போட்டால் சாம்பிராணியும் சேர்ந்து நாறியது. அதையும் பொறுக்கலாம். ஆண் சில்வண்டு பாடும் என்று நீ சொன்னாயா? ஒரு ஞாயிறு சாருமதியும் தகப்பனும் வந்து இருக்கிறார்கள், கீழே இருந்து கச்சேரி. "என்ன மாமி சத்தம் அது?" உன் அப்பா யோசிக்காமல், "அது ஃபேர்னஸ் பிள்ளை. எண்ணெய் விடவேணும்" என்றார். சாருவின் தகப்பன் உடனே சட்டைக் கையை மடித்துவிட்டார். அவருக்கு ஃபேர்னஸ் என்றால் உயிராம். "விடுங்கோ அண்ணை, பேந்து பாப்பம்" என்று உன் அப்பா கெஞ்சினதை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பிள்ளையாரைப் பார்த்தேன், பிள்ளையார் மற்றப் பக்கம் பார்த்தார். ஆனால் ஆள் கிட்ட வந்தால் சில்வண்டு வாயை மூடும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மனுசன் ஃபேர்னஸில் இரண்டு தட்டுத் தட்டினார், சத்தம் நின்றது. பெட்டிக்கு மேல் நான் போட்டிருந்த போர்வையைத் திரும்பியும் பார்க்கவில்லை. "பாத்தியளே, ஒரு ஆணி இளகியிருந்தது" என்று பெருமையோடு மேலே வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தார். கீழே கச்சேரி திரும்பத் தொடங்கிவிட்டது. மனுசன் அந்தத் தேத்தண்ணியை முடிக்கவேயில்லை. அன்றிரவே சில்வண்டுக்கு முற்றுப்புள்ளி வைத்தேன்.

அடுத்தது மாப்புழு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் மாப்புழு வளர்ந்தால் வண்டு. கல்யாணம் கட்டிய நாளில் இருந்து நான் அரிதட்டோடு நின்று சண்டை பிடித்த அதே சாதி வண்டு. இப்போது அதைக் காசு கொடுத்து வாங்கி, தவிட்டில் போட்டு, தாகத்துக்குக் கரட் துண்டும் வைத்து, "பெருகு ராசா" என்று கும்பிட வேண்டியதாயிற்று. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், ஒளித்துவைக்க இதைப்போல ஒரு பூச்சி கிடையாது. பாடாது, நாறாது. நீல மூடி வாளியில் போட்டுப் புட்டு மாவுக்கும் உழுத்தம் மாவுக்கும் நடுவில் வைத்தேன். தமிழ் வீட்டில் மா வாளியை யார் திறந்து சந்தேகப்படப் போகிறார்கள்? கூட்டுப்புழுவாகி, வண்டாகி, முட்டையிட்டுத் திரும்பப் புழுவாவதற்கு மாதக்கணக்காகும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். சித்திரை மாதம் சின்னப் புழு நூல்நூலாகத் தெரியத் தொடங்கியது. அந்தக் கிழமைதான் உன் அப்பா, கல்யாணம் கட்டிய நாளில் இருந்து முதல் முறையாக, நான் சொன்னபடி செய்தார்.

வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், மனுசன் வாசலிலேயே நிற்கிறார், பரிசு வாங்கப்போகிற பள்ளிப்பிள்ளை மாதிரி. "இஞ்சரும், உந்த மாவுக்குள்ள வண்டு. நல்ல காலம் நான் கண்டிட்டன். பிரீசருக்குள்ள வைச்சாச்சு."

"எந்த மா?"

"நீல மூடி வாளி. நிறைய வண்டு. நீர் என்ன, கண் தெரியாமலோ இவ்வளவு நாளும் வைச்சிருந்தீர்?"

"ஐயோ, அது வளர்க்கிற வண்டப்பா!"

"வண்டை ஆரப்பா வளர்க்கிறது? நீர்தானே சொல்லுறனீர், மாவில வண்டைக் கண்டா ரெண்டு நாள் பிரீசரில வை எண்டு!"

சொன்னது உண்மைதான். நாங்கள் எல்லாரும் செய்வதுதான். மா வீட்டுக்கு வந்தால் முதலில் பிரீசர், பிறகுதான் அலுமாரி. எத்தனையோ மூட்டை மாவை வாசலில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்த மனுசன், இந்த ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு போய் விளைமீனுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில் வைத்தார். வெளியே எடுத்து ஹீட்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், கரண்டியால் கிண்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. சிரிக்காதே. உனக்குப் போன் எடுத்தபோது நீ சிரித்தாய், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிரித்து முடித்துவிட்டு நீ சொன்னதுதான் உச்சம். "அம்மா, ஆக நல்லது கரப்பொத்தான்தான்." தம்பி, நாங்கள் லாசாலில் அந்த அபார்ட்மெண்டில் இருந்த காலம் உனக்கு ஞாபகமிருக்காது. விளக்கைப் போட்டால் சுவரே ஓடும். உன் பால் போத்தலைத் தண்ணீர்ச் சட்டிக்கு நடுவில் தீவு மாதிரி வைத்திருந்தேன். கடன்பட்டு இந்த வீட்டை வாங்கினதற்கு உன் அப்பா ஆயிரம் காரணம் சொல்வார். என் காரணம் கரப்பான் ஒன்றுதான். குடிபுகுந்த அன்று வந்தவர்களுக்கெல்லாம் குசினி அலுமாரியைத் திறந்து திறந்து காட்டினேன், ஒன்றுமில்லை பாருங்கோ என்று. அந்த வீட்டுக்குள் நீ அனுப்பிய உன் சிநேகிதன் ஒரு பெட்டிக் கரப்பானைக் கொண்டுவந்து என் கையில் தந்து, "போன்ஜூர் அன்ரி" என்கிறான்.

ஆனால் ஓர் உண்மையை எழுதிவிடுகிறேன், எழுதும்போதே கை கூசுகிறது. மூன்றிலும் நல்ல பூச்சி அதுதான். இது குசினிக் கரப்பான் இல்லை. தடிப்பாக, மெதுவாக, சொன்ன இடத்தில் இருக்கும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறத் தெரியாது, பறக்காது, பாடாது, மணக்காது. தோடம்பழத் தோலும் கரட்டும் கொடுத்தால் போதும். முட்டை இடாமல் குஞ்சாகவே போடும். வெக்கையான இடம் வேண்டும் என்பதால் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலுமாரியில் வைத்தேன். அதற்குக் கீழ்த்தட்டில் சாருமதியின் கூறைச்சேலை. வேறு இடமில்லை. அரிசிப் பருமனில் முதல் குஞ்சுகளைக் கண்டபோது நான் அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றோம். எங்களைப் பார்த்தவர்கள் பேரப்பிள்ளை பிறந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இப்படியே கலியாணம்வரை இழுத்திருக்கலாம். ஆனால் போன மாதம் சாருமதி வந்து, "மாமி, அங்க கொண்டுபோறதுக்கு முன்னம் என்னோட பழகட்டும். ஒரு கிழமை எங்கட வீட்டில வைச்சிருக்கட்டே?" என்று கேட்டாள். என்ன சொல்வது? உனக்குப் போன் எடுத்தேன். இப்பவாவது சொல்லு என்று கெஞ்சினேன். "ஒரு கிழமைதானே அம்மா, ஒண்டும் ஆகாது. கலியாணம் முடிய நான் வடிவா விளங்கப்படுத்துறன்" என்றாய். வடிவாக. நான் பெட்டியையும் விளக்கையும் காரில் ஏற்றி அனுப்பினேன். பிழை எனக்கும் உண்டு. ஆனால் கெஞ்சின ஆளுக்கும் கெஞ்சவைத்த ஆளுக்கும் வித்தியாசம் உண்டு.

கிழமை முடிய முதலே முசியேயைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. முசியே கட்டையில் படுத்தபடி, வயிறு ஒட்டி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஒண்டுமே சாப்பிடுறார் இல்ல மாமி. எல்லாக் கீரையும் குடுத்துப் பாத்திட்டன். லீவு போட்டிட்டுப் பக்கத்திலயே இருந்தனான். உங்கட கையால எண்டா சாப்பிடுறார். என்னைப் பிடிக்கேல்ல அவருக்கு." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு சின்ன உயிரையே என்னால பாக்க ஏலாமக் கிடக்கு. நான் என்னெண்டு மாமி பிள்ளை வளர்க்கிறது?"

தம்பி, நான் பகிடிக்காரி. செத்தவீட்டிலும் ஒரு பகிடியைக் கண்டுபிடிக்கிற ஆள் என்று உன் அப்பா என்னைத் திட்டுவார். அந்த நேரம் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து கரப்பான் பெட்டியைக் கொண்டுவந்தேன். இடுக்கியால் ஒன்றை எடுத்து, நீ காட்டித்தந்தபடி கல்சியம் தூளில் புரட்டி, உள்ளே விட்டேன். செத்துக் கிடந்த மாதிரிக் கிடந்தவர் ஒரே பாய்ச்சல். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்தப் பிள்ளை கத்தவில்லை. கரப்பான் பெட்டியைப் பார்த்தாள், முசியேயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஆருக்கெல்லாம் தெரியும் மாமி?"

நான் இடுக்கியைக் கீழே வைத்தேன்.

"மாமாவுக்கு?"

"ஓம் பிள்ளை. இதைக் கொண்டுவந்து தந்த தம்பியின்ட சிநேகிதனுக்கும்."

"இதைக் கொண்டுவந்து தந்த ஆளுக்கும் தெரியும். அவரின்ட சிநேகிதர் எல்லாருக்கும் தெரியும். அப்ப எனக்கு மட்டும்தான் தெரியாது, என்ன?"

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதுதான் உன் போன் பழுது. நீ அவளுக்கு விட்ட மெசேஜ் எல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் "சின்ன விஷயம்", "கோவிக்காதை", "எங்கட அம்மா பெரிசாக்கிப்போட்டா" என்று ஒன்றாவது அதில் இருந்தால், உன்னைப் பெற்ற எனக்கே உன்னோடு கதைக்க விருப்பமில்லை. அவளுக்குக் கரப்பான் பிரச்சினை இல்லை. சைவம்கூடப் பிரச்சினை இல்லை என்று நினைக்கிறேன். அவள் ஞாயிறு ஞாயிறாக முழங்காலில் இருந்து கீரை ஊட்ட, நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. நீ அந்த நாளே, தாய்க்காரி முன்னால் வேண்டாம், வாசலில் வழியனுப்பும்போது காதுக்குள், "சும்மா சொன்னனான், அவர் பூச்சி தின்னுவார்" என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு பகிடி கிடைத்திருக்கும். அந்தப் பகிடியை நீ எங்களோடு பங்கிட்டாய், அவளோடு பங்கிடவில்லை.

நேற்றுப் பின்னேரம் திரும்ப வந்தாள். உள்ளே வந்து இருக்கவில்லை. "அந்தப் பெட்டி எங்க மாமி?" என்று மட்டும் கேட்டாள். கொண்டுவந்து கொடுத்தேன், இடுக்கியையும் கொடுத்தேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஒன்றைப் பிடித்தாள். இடுக்கி வழுக்கி அது தரையில் விழுந்து சோபாவுக்குக் கீழே ஓட, உன் அப்பா இரண்டு காலையும் மேலே தூக்கிவைத்துக்கொண்டார். அவள் இன்னொன்றைப் பிடித்தாள். இந்த முறை முகத்தைத் திருப்பவில்லை. தூளில் புரட்டி உள்ளே வைத்தாள். முசியே அவள் கையால் வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குப் போய் வெகுநேரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவினாள்.

"இன்னும் கோவமோ பிள்ளை?" என்று கேட்டேன். நான் கேட்டது உன்னைப் பற்றி. அவள் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னாள்: "முசியேயில எனக்கு என்ன கோவம் மாமி? அவர் என்னட்டப் பொய் சொல்லேல்லையே."

ஞாயிற்றுக்கிழமையும் வந்து தீனி போடுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். உன் பெயரை எடுக்கவில்லை. நானும் உனக்காகப் பரிந்து கதைக்கவில்லை, இனிக் கதைக்கப் போவதும் இல்லை. இன்று செவ்வாய். மீட்டிங் இருந்தால் அதை வெட்டிவிட்டு வா. ஞாயிற்றுக்கிழமை அவள் மணியை அடிக்கும்போது கதவைத் திறக்கிற ஆள் நானாக இருக்கக்கூடாது.

அம்மா